கண்ணாடித் தொட்டியில் ஒரு கடற்பூ

வீட்டு விறாந்தையிலே கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போர் நம்மிடையே பலர் உளர். அவருட் சிலர் நன்னீர் மீன்களோடு அமையாது, கடல்நீர்த் தொட்டியும் அமைத்து வண்ண மீன்களை வளர்க்கின்றனர். அங்ஙனம் வளர்ப்போர் உள்ளத்தில் அடுத்து எழும் ஆசை ஒன்றுண்டு. கடலனிமனி ஒன்றைக் கொணர்ந்து அத்தொட்டியில் வைக்க வேண்டும் என்பதே அது. கடற்சாமந்தி எனவும் அழைக்கப்படும் அவ்வுயிரின் அழகைக் கண்டோர்க்கு இவ்வாசை எழுதல் இயல்பே. ஆயினும், அவ்வாசைக்கு உடனே இணங்குதல் தகுமா என்பதை நாம் பட்டறிந்தவாறே இங்குக் கூறுவோம்.

சில ஆண்டுகளின் முன்னர், கல்லூரி ஆய்வுகூடத்திலே மாணாக்கரின் துணையோடு கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்தோம். தொட்டி அமைத்த மூன்றாம் வாரத்திலேயே கடலனிமனி ஒன்றை விலைக்கு வாங்கி அதனுள் இட்டோம். முதல் நாள் அது தன் கைகளையெல்லாம் விரித்து மலர்ந்து நின்றது. மாணாக்கர் வகுப்பு மணி அடித்ததையும் மறந்து பார்த்திருந்தனர். ஐந்தாம் நாள் அது சுருங்கியது. ஒன்பதாம் நாட்காலை கதவைத் திறந்தபோது தொட்டி பால்போலக் கலங்கித் துர்நாற்றம் வீசியது. உடனிருந்த மூன்று மீன்களும் இறந்து மிதந்தன. "சேர், நாங்கள் இதுக்கு என்ன பிழை விட்டனாங்கள்?" என்று ஒரு மாணவன் வினவினான். அன்று எம்மால் விடை கூற இயலவில்லை.

கடலனிமனி பூவன்று, விலங்கு. சொறிமுட்டையும் பவளப்பூச்சியும் அதன் உறவினர். இதழ்போலத் தோன்றுவன இரை பிடிக்கும் கைகள். அக்கைகளிலே கொட்டும் நுண்கலங்கள் நிறைந்துள்ளன. தீண்டிய சிறு மீனையும் இறாலையும் அவை செயலிழக்கச் செய்ய, நடுவிலுள்ள வாய் அவற்றை விழுங்கும். நமது கடல்களிலே பவளப்பாறைகளை அடுத்து வாழும் பெரிய இனங்களிடையே, கோமாளி மீன்கள் அக்கைகளுக்குள்ளேயே அஞ்சாது குடியிருக்கின்றன. இவ்வினங்களின் உடலினுள்ளே நுண்ணிய அல்காக்களும் வாழ்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, அதன் பெரும் பங்கைத் தம்மைத் தாங்கும் விலங்குக்கு அளிக்கின்றன. ஆகவே இவற்றுக்கு ஒளியும் ஓர் உணவே.

இவ்வுயிர் எத்துணைக் காலம் வாழும்? ஸ்கொத்லாந்து நாட்டவரான சேர் ஜோன் டால்யெல் என்னும் அறிஞர், 1828ஆம் ஆண்டில் நோர்த் பேர்விக் கடற்கரையிலிருந்து சிறிய கடலனிமனி ஒன்றை எடுத்துச் சென்று, எடின்பரோ நகரிலே கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். அவர் 1851இல் காலமானார். அது வாழ்ந்தது. பின்னர் அறிஞர் சிலரிடம் கைமாறி, "பாட்டி" என்னும் செல்லப் பெயரும் பெற்று, 1887ஆம் ஆண்டிலேயே இறந்தது. ஐம்பத்தொன்பது ஆண்டுகள் ஒரு சாடியில்! வற்றுப்பெருக்கைத் தாங்கிப் பழகிய கரையோர இனம் அது. நமது பவளப்பாறை இனங்களோ அவ்வளவு தாங்கா. எனினும் அப்பாட்டியை வாழ்வித்தது சாடியன்று; சலியாது மாற்றப்பெற்ற தூய கடல்நீரும் வளர்த்தோரின் பொறுமையுமே.

நாம் விட்ட பிழை இதனால் விளங்கும். புதிய தொட்டியிலே கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அப்பற்றீரியாக்கள் பெருகிக் குடிகொள்வதற்கே வாரங்கள் பல வேண்டும். நீரின் இயல்பு நிலைபெற மாதங்கள் ஆகும். ஆதலால் தொட்டி அமைத்து ஆறு மாதம், இயலுமாயின் ஓராண்டு கழியும்வரை கடலனிமனியை நினையாதிருத்தல் நன்று. வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியசும், நீரின் தன்னீர்ப்பு 1.024 முதல் 1.026 வரையும் மாறாது நிற்றல் வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் சிறிதும் இருத்தலாகாது.

யாழ்ப்பாணத்து வாசகர்க்கு ஒரு சொல். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த அளவுக்கு நன்னீரே விடல் வேண்டும். ஆனால் நமது கிணற்றுநீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறி வருவது. தோட்டப் பசளையால் நைத்திரேற்று மிகுந்த கிணறுகளும் பல. அந்நீரை நாடோறும் விட்டால் அவை தொட்டியிலே சேர்ந்து கொண்டே போகும். காய்ச்சி வடித்த நீரோ, உப்பகற்றிச் சுத்திகரித்த நீரோ பயன்படுத்துக.

கடலனிமனி இருந்த இடத்திலேயே இருப்பதன்று. ஒளியும் நீரோட்டமும் பிடிக்காவிடின் தன் பாதத்தால் ஊர்ந்து செல்லும். அவ்வாறு சென்று நீர்ப்பம்பியின் வாயில் அகப்பட்டுச் சிதைந்தவை பல. ஆதலின் பம்பியின் வாய்க்கு முன்னரே வலையிடுக. அது தேர்ந்த இடத்தினின்று இழுத்துப் பெயர்த்தலாகாது. பாதம் கிழிந்தால் உயிர் பிழைத்தல் அரிது. மீன் நோய்க்கு இடும் செப்பு மருந்தும் அதற்கு நஞ்சாம்.

வாங்குங்கால், வாய் இறுக மூடியிருத்தலையும் பாதத்தில் காயமின்மையையும் நோக்குக. வெள்ளை வெளேரென்றிருப்பதை அழகென்று கொள்ளற்க. அது அல்காவை இழந்து பசித்திருக்கும் உயிர். வீட்டிற்குக் கொணர்ந்தபின் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பழக்கிய பின்னரே விடுக. வாரத்துக்கு ஓரிருமுறை இறாற்சதைத் துண்டு சிறிது போதும். ஒருகால் இறந்துபடின் உடனே அகற்றுக. இன்றேல் எமக்கு நேர்ந்ததே நேரும்.

இன்னுமொன்று. பாறையினின்று பெயர்த்தெடுத்த கடலனிமனியை வாங்குதல் வேண்டா. அதனை நம்பி வாழும் கோமாளி மீன் அங்கே வீடிழக்கின்றது. கைந்நுனி குமிழ்போலப் பருத்த இனமொன்று தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும். அவ்வாறு தொட்டியிற் பிறந்ததைத் தேடிப் பெறுதல் நன்று.

ஆய்வுகூடத்துத் தொட்டியை நாம் மீண்டும் அமைத்தோம். இம்முறை பத்து மாதங்கள் வெறும் கல்லையும் நீரையுமே காத்திருந்தோம். "பூ எப்ப வரும் சேர்?" என்ற கேள்வியைப் பன்முறை கேட்டோம். பின்னர் வந்த கடலனிமனி இன்று நான்காம் ஆண்டில் வாழ்கின்றது; சென்ற தை மாதத்தில் இரண்டாகவும் பிரிந்தது. ஒரு பாதியைத் தன் வீட்டுத் தொட்டிக்குத் தருமாறு ஒரு மாணவன் கேட்டான். ஆறு மாதம் நாடோறும் நீரின் வெப்பமும் உப்பும் குறித்த கொப்பியைக் கொண்டு வா என்றோம். கொணர்ந்தான். ஒரு நாளும் விடுபடவில்லை. அப்பாதி இன்று அவன் வீட்டு விறாந்தையிலே மலர்ந்திருக்கின்றது.