முதல் சொட்டின் நிறம் ஏன் உடனே மறைவதில்லை?

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வுக்குப் பலரும் படிகளை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். காரணம் புரிந்தால் படிகள் தாமாகவே நினைவில் நிற்கும். ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பர்மாங்கனேட்டால் தரம் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம்.

கூம்புக் குடுவையில் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம், கூடவே நீர்த்த கந்தக அமிலம். ஏன் கந்தக அமிலமே? ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் பர்மாங்கனேட் அதையும் ஆக்சிஜனேற்றிக் குளோரினாக்கும். பியூரெட் அளவு கூடிவிடும். நைட்ரிக் அமிலமோ தானே ஓர் ஆக்சிஜனேற்றி; அளவு குறைந்துவிடும்.

குளிர்ந்த கரைசலில் வினை மிக மெதுவாக நடப்பதால் 60–70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறோம். அப்போதும் முதல் சொட்டின் நிறம் சற்று நேரம் அப்படியே நிற்கும். முடிவுநிலை வந்துவிட்டதென்று பதறி நிறுத்துவது இங்கேதான். பொறுங்கள், குடுவையைச் சுழற்றுங்கள். வினையில் உருவாகும் மாங்கனீசு(II) அயனியே அந்த வினைக்கு வினையூக்கி. அது கொஞ்சம் சேர்ந்ததும் அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்தவுடன் நிறமிழக்கும். பாடத்தில் படித்த தன்வினையூக்கத்தைக் கண்ணெதிரே காணும் அருமையான தருணம் இது.

அவசரப்பட்டு வேகமாக ஊற்றினாலோ அமிலம் போதாவிட்டாலோ மாங்கனீசு டைஆக்சைடு பழுப்பாகப் படியும், கணக்கு கெடும்.

தனி நிறங்காட்டி வேண்டாம். வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நின்றால் அதுவே முடிவுநிலை. பர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் கீழ்ப்பிறை தெரியாது. தொடக்கத்திலும் முடிவிலும் மேல்விளிம்பையே படியுங்கள்.