மதிப்பெண்ணும் மதிப்பீடும்

கத்தரிக்காய் வாங்கச் செல்பவருக்குப் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. கையில் எடுத்து, காம்பைப் பார்த்து, சொத்தை இருக்கிறதா என்று ஆராய்ந்து அங்கேயே முடிவெடுத்துவிடலாம். புத்தகம் வாங்குபவருக்கு அந்த வசதி கிடையாது. அட்டையும் பின்னட்டை வாசகமும் எவ்வளவு சொன்னாலும், நூலின் தரம் படித்த பிறகுதான் தெரியும். அதற்குள் பணமும் போயிருக்கும், நேரமும் போயிருக்கும்.

இந்த வேறுபாட்டைப் பொருளியலில் 1970-ஆம் ஆண்டு தெளிவாக வகுத்துக் காட்டியவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் பிலிப் நெல்சன். வாங்கும் முன்பே தரத்தை அறியக்கூடிய பண்டங்கள் ஒரு வகை. நுகர்ந்த பிறகே தரத்தை அறியக்கூடிய பண்டங்கள் மற்றொரு வகை. நூல், இசை, திரைப்படம் ஆகிய அனைத்தும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. இவற்றை வாங்குபவர் பிறர் சொல்லைச் சார்ந்திருந்தே தீர வேண்டும். யாருடைய சொல்லை, எந்த அளவுக்கு என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி சிறியதன்று. இரண்டு வாரங்களுக்கு ஒரு நூல் படிப்பவர் ஆண்டுக்கு 26 நூல்களைப் படிப்பார். ஐம்பது ஆண்டுகள் இடைவிடாமல் படித்தாலும் மொத்தம் 1,300 நூல்கள்தாம். ஒரு சிற்றூர் நூலகத்தின் சில அலமாரிகளுக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை அது. நூலின் உண்மையான விலை அட்டையில் அச்சிடப்பட்ட தொகையன்று. அதே நேரத்தில் படித்திருக்கக்கூடிய வேறொரு நல்ல நூலை இழப்பதே அதன் விலை.

இன்று நமக்கு மிக எளிதாகக் கிடைக்கும் வழிகாட்டிகள், விற்பனைப் பட்டியலும் நட்சத்திர மதிப்பெண்ணும். பல்லாயிரம் பேர் சேர்ந்து ஒரு நூலுக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுத்திருந்தால் அது நல்ல நூலாகத்தானே இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், அந்தப் பல்லாயிரம் பேரும் தனித்தனியே யோசித்து முடிவெடுத்தவர்களா என்று கேட்க வேண்டும்.

மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் நடத்திய ஒரு சோதனையின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. அதிகம் அறியப்படாத இசைக் குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000-க்கும் மேற்பட்டோரைக் கேட்கச் செய்தனர். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள் மட்டுமே தெரியும். மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் முன்பு வந்தவர்கள் எந்தப் பாடலை எத்தனை முறை பதிவிறக்கினர் என்பதையும் காட்டினர்.

எட்டு உலகங்களிலும் பாடல்கள் அவையே. ஆனால், வெற்றி பெற்ற பாடல்கள் வேறு வேறாக இருந்தன. பிறர் தெரிவை அறியாதவர்களின் கணிப்பில் 26-ஆவது இடம் பெற்ற ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடம் பெற்றது. மற்றோர் உலகத்தில் 40-ஆவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. மிகச் சிறந்தவை பெரும்பாலும் கடைசிக்குப் போகவில்லை. மிக மோசமானவை பெரும்பாலும் முதலிடம் பெறவில்லை. நடுவில் இருந்த பெரும்பான்மைக்கு எதுவும் நடக்கலாம் என்பதே நிலை. தொடக்கத்தில் கிடைத்த சிறு முந்துதலே மேலும் கூட்டத்தைச் சேர்த்தது.

நூலுலகிலும் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 2013 ஏப்ரலில், ராபர்ட் கால்பிரெய்த் என்ற புதிய எழுத்தாளர் பெயரில் ஒரு துப்பறியும் நாவல் இங்கிலாந்தில் வெளியானது. விமர்சகர்கள் சிலர் பாராட்டினர், விற்பனை சுமார்தான். அதே ஆண்டு ஜூலையில், அதை எழுதியவர் ஹாரி பாட்டர் கதைகளைப் படைத்த ஜே.கே. ரௌலிங் என்பது வெளிப்பட்டது. உடனே அந்நூல் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குச் சென்றது. நூலில் ஒரு சொல்கூட மாறவில்லை.

அப்படியானால், கூட்டத்தின் கணிப்பைவிட நம்பகமான வழி என்ன? அதற்கு நூலுலகைவிட்டுச் சற்று விலகி, ஜாஸ் இசை ரசிகர்களைக் கவனிப்பது பயன் தரும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே உருவான ஜாஸின் உயிர்நாடி மனோதர்மம். ஒரே பாடலை ஒரே கலைஞர் இரண்டு இரவுகளில் வாசித்தாலும் இரண்டும் ஒன்றாக இரா. பாடலின் பெயரை அறிந்துகொள்வதால் மட்டும் இசையின் தரம் தெரிந்துவிடாது. எனவே ரசிகர்கள் வேறொரு வழியைப் பழகிக்கொண்டனர். இசைத்தட்டின் உறையில் அச்சிடப்பட்ட கலைஞர்களின் பெயர்களைப் படித்து, அவர்களைப் பின்தொடர்வதே அந்த வழி.

1959-இல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். டிரம்பெட் வாசித்த டேவிஸின் பெயர்தான் அட்டையில் பெரிதாக இருக்கும். ஆனால், உடன் வாசித்தவர்களில் சாக்ஸபோன் கலைஞர்கள் ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் அடர்லி, பியானோ கலைஞர் பில் எவன்ஸ், பாஸ் கலைஞர் பால் சேம்பர்ஸ் ஆகியோர் உண்டு. கோல்ட்ரேனைப் பிடித்தவர் அவருடைய 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' தொகுப்புக்குச் செல்வார். அங்கும் பாஸ் வாசிப்பவர் சேம்பர்ஸ். எவன்ஸைப் பிடித்தவர் 1961-இல் அவருடைய மூவர் குழு 'வில்லேஜ் வேன்கார்டு' அரங்கில் நிகழ்த்திய கச்சேரிப் பதிவுகளுக்குச் செல்வார். ஒரு நல்ல இசைத்தட்டு இவ்வாறு பல வாசல்களைத் திறந்துவிடுகிறது.

நூலுக்கும் இத்தகைய உறை உண்டு. நாம்தான் அதைப் படிப்பதில்லை. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று பிடித்திருந்தால், மூல ஆசிரியரின் பெயரோடு மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் நினைவில் வைக்கலாம். நல்ல மொழிபெயர்ப்பாளர் சாதாரண நூலை எளிதில் கையில் எடுக்கமாட்டார். வரலாற்று நூல் பிடித்திருந்தால் அதன் அடிக்குறிப்புகளே அடுத்த பத்து நூல்களின் பட்டியல். நன்றியுரையில் ஆசிரியர் குறிப்பிடும் பதிப்பாசிரியர், முன்னுரை எழுதியவர், பதிப்பகத்தின் வரிசை என ஒவ்வொன்றும் ஒரு வாசல். சக கலைஞர் ஒருவரை நம்பி ஓர் ஆசிரியர் எடுத்த முடிவு அதில் இருக்கிறது. விளம்பரத்தில் அது கிடைக்காது.

அடுத்த துணை, விமர்சகர். இங்கும் ஜாஸ் உலகம் நமக்கு இரண்டு சுவையான எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. பொருளியல் வரலாற்றைக் கற்றவர்கள் அனைவரும் அறிந்த எரிக் ஹாப்ஸ்பாம், 1950-களில் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் பிரான்சிஸ் நியூட்டன் என்ற புனைபெயரில் ஜாஸ் விமர்சனம் எழுதினார். டிரம்பெட் கலைஞர் ஃபிராங்கி நியூட்டனின் நினைவாக எடுத்துக்கொண்ட பெயர் அது. 1959-இல் அதே பெயரில் ஜாஸ் உலகைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். வாசிப்பவர் யார், கேட்பவர் யார், யாருக்கு எவ்வளவு பணம் போகிறது என்று ஒரு வரலாற்றாசிரியரின் கண்ணால் அந்த இசையைப் பார்த்த நூல் அது.

மற்றவர், ஹல் பல்கலைக்கழக நூலகராக முப்பது ஆண்டுகள் பணியாற்றிய கவிஞர் பிலிப் லார்கின். 1961 முதல் பத்தாண்டுகள் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழில் ஜாஸ் விமர்சனம் எழுதிய அவருக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற பழைய தலைமுறைக் கலைஞர்கள் மீது தீராத காதல். சார்லி பார்க்கருக்குப் பிந்தைய புதிய பாணி மீது தீராத வெறுப்பு. கோல்ட்ரேனைக் கடுமையாகத் தாக்கினார்.

லார்கின் ஒருதலைப்பட்சமானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால், பயனற்ற வழிகாட்டி அல்லர். அவர் விரும்புவது எது, வெறுப்பது எது என்பது வாசகருக்கு நன்றாகத் தெரியும். புதிய பாணியை விரும்பும் ஒருவர், லார்கின் திட்டிய இசைத்தட்டைத் தயங்காமல் வாங்கலாம். எப்போதும் பத்து நிமிடம் பின்தங்கி ஓடும் கடிகாரத்தை வைத்துக்கூட நேரம் சொல்லிவிட முடியும். ஒருநாள் முந்தி, ஒருநாள் பிந்தி ஓடும் கடிகாரத்தால்தான் பயனில்லை. முகம் தெரியாத ஆயிரம் பேரின் சராசரி மதிப்பெண்ணில் உள்ள குறை இதுதான். காதல் கதையைத் தேடி வந்து ஏமாந்தவரும், அதே நூலின் மொழிநடையில் மயங்கியவரும் அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகின்றனர். நாம் யாரோடு உடன்படுகிறோம் என்று அறிய வழியில்லை.

விமர்சகரின் புலமைக்கும் எல்லை உண்டு. ஜாஸை அவ்வளவு நுட்பமாக அறிந்த ஹாப்ஸ்பாம், 1963-இல் பீட்டில்ஸ் குழுவைப் பற்றி எழுதும்போது, முப்பது ஆண்டுகளுக்குள் அவர்கள் இருந்த சுவடே இருக்காது என்று கணித்தார். ஒரு வகைமையில் கூர்மையான காது, மற்றொரு வகைமையில் மந்தமாகிவிடலாம். துப்பறியும் கதைக்கு ஒருவர், அறிவியல் நூலுக்கு ஒருவர், கவிதைக்கு ஒருவர் என்று வாசகர் தமக்கென ஒரு சிறு குழுவை அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

கண்டறிவதற்கு அடுத்தது மதிப்பிடுவது. ஒரு வகைமையின் அளவுகோலால் மற்றொன்றை அளப்பதே மதிப்பீட்டில் நேரும் பெரும்பிழை. 1965-இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசுக்கான இசை நடுவர் குழு, ஜாஸ் மேதை டியூக் எலிங்டனுக்குச் சிறப்பு விருது வழங்கப் பரிந்துரைத்தது. பரிசு வாரியம் அதை ஏற்கவில்லை. நடுவர்களில் இருவர் பதவி விலகினர். எலிங்டன் 1974-இல் மறைந்தார். அவருடைய நூற்றாண்டான 1999-இல்தான் புலிட்சர் சிறப்பு விருது அவரைத் தேடி வந்தது. ஐரோப்பியச் செவ்வியல் மரபில் எழுதி முடிக்கப்பட்ட இசையை மையமாகக் கொண்டு உருவான பரிசு, மேடையில் அந்தக் கணத்தில் பிறக்கும் இசையை அளக்கத் தடுமாறியது. அளவுகோலை மாற்றிக்கொண்ட பிறகு, 2007-இல், நேரடிக் கச்சேரியில் பதிவான ஒரு தொகுப்புக்காக ஆர்னெட் கோல்மனுக்கு அதே பரிசு கிடைத்தது.

நூல்களிலும் அவ்வாறே. துப்பறியும் கதையிடம் நாம் கேட்க வேண்டியது: தடயங்கள் அனைத்தும் வாசகர் கண்முன் நேர்மையாக வைக்கப்பட்டனவா? அறிவியல் புனைகதையிடம்: கற்பனை செய்த ஒரு மாற்றத்தின் விளைவுகளை ஆசிரியர் கடைசிவரை பின்தொடர்ந்தாரா? வரலாற்று நூலிடம்: தம் கருத்துக்கு எதிரான சான்றையும் எடுத்துப் பேசினாரா? பொருளியல் நூலிடம்: இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதை வைத்து ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அவசரப்பட்டாரா? கவிதையிடம்: மூன்றாம் முறை படிக்கும்போதும் ஏதேனும் மிச்சமிருக்கிறதா? நூலுக்குரிய குற்றங்கள் பத்து, அழகுகள் பத்து என்று நன்னூலின் பாயிரமே வகுத்து வைத்திருக்கிறது. அளவுகோலை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அளக்கும் நேர்மை நமக்குப் புதிதன்று.

'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதும் 'இது நல்ல நூல் இல்லை' என்பதும் வேறு வேறு கூற்றுகள். முதலாவது நம்மைப் பற்றிய செய்தி. இரண்டாவதுதான் நூலைப் பற்றியது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஸ்டிக்ளர், கேரி பெக்கர் ஆகிய இருவரும் 1977-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இசை ரசனையை ஒரு மூலதனமாகக் காட்டினர். கேட்கக் கேட்க அந்த மூலதனம் பெருகும். அது பெருகப் பெருக, அடுத்த முறை கேட்பதால் கிடைக்கும் இன்பமும் பெருகும். முதன்முறை ஜாஸ் கேட்பவருக்கு அது ஒழுங்கற்ற ஓசையாகவே படலாம். அது இசையின் குறை ஆகாது. காதில் இன்னும் முதலீடு சேரவில்லை என்பதே பொருள்.

இதிலிருந்து வாசகருக்கு இரண்டு நடைமுறை விதிகள் கிடைக்கின்றன. நன்கு பழகிய வகைமையில் ஒரு நூல் ஐம்பது பக்கங்களுக்குள் பிடிபடவில்லையென்றால் தயங்காமல் மூடிவிடலாம். 'காசு கொடுத்து வாங்கிவிட்டோமே' என்று தொடர்ந்து படிப்பதால் போன காசு திரும்பப் போவதில்லை. மேலும் நேரம்தான் வீணாகும். ஆனால், பழக்கமில்லாத வகைமையில் ஒரே நூலை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. குறைந்தது மூன்று நூல்களையாவது படித்த பிறகே, அந்த வகைமை நமக்கு உகந்ததா என்று சொல்லும் தகுதி வருகிறது.

இணைய வணிகத் தளங்களின் பரிந்துரைகள் இதற்கு நேர்மாறாக இயங்குகின்றன. ஏற்கெனவே வாங்கியதைப் போன்றதையே மீண்டும் முன்னே வைக்கின்றன. விற்பவருக்கு அது பாதுகாப்பான வழி. வாசகருக்கு அது மெல்லக் குறுகும் அறை. இளமையில் ஒரே வகை நூல்களுக்குள் அடைபட்டுவிடும் தலைமுறைக்கு, தன்னைப்போல் சிந்திக்காத ஒருவரின் நூலைப் பொறுமையுடன் படிக்கும் பழக்கமே இல்லாமல் போகும். அந்த இழப்பு நூலகத்தோடு நிற்காது. பொது விவாதத்தையும் பாதிக்கும்.

மாற்று வழி நம் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக விளங்கிய எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தபோது, ஒவ்வொரு நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார் என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். வாசகர் தாமே அலமாரிகளுக்கிடையே நடந்து, கைக்கு எட்டியதைப் புரட்டிப் பார்க்கும் திறந்த அடுக்கு முறையை அவர் வலியுறுத்தியதற்கு அதுவே காரணம். தேடிச் சென்ற நூலுக்கு அருகில், தேடாத நூல் ஒன்று காத்திருக்கும்.

சொத்து வரியோடு நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். புதிய வகைமையை இழப்பில்லாமல் சோதித்துப் பார்க்க அரசு பொது நூலகத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. அங்கு பல துறை நூல்களும் தொடர்ந்து வாங்கப்படுகின்றனவா, அடுக்குகள் திறந்திருக்கின்றனவா என்று கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும். ஆண்டுக்கு 26 நூல்கள் படிப்பவர், அவற்றில் ஆறையேனும் இதுவரை தொடாத வகைமைக்கு ஒதுக்கலாம். சில ஏமாற்றலாம். ஒன்று நிலைத்தாலும், அடுத்த பல ஆண்டுகளுக்கான வாசல் திறந்துவிடும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).