உங்களுக்குத் தெரியுமா? லெனின் எழுதவைத்த கடிதம்

ரஷ்யப் புரட்சி முடிந்த கையோடு, லெனினுக்குப் பிறகு ட்ராட்ஸ்கிதான் என்று பலரும் நினைத்தார்கள். செஞ்சேனையைக் கட்டியவர், மேடையேறினால் கூட்டம் கட்டுண்டு நிற்கும். ஸ்டாலினுக்கு 1922 ஏப்ரலில் கிடைத்ததோ பொதுச்செயலாளர் பதவி. அன்றைக்கு அது வெறும் கோப்பு வேலை. ஆனால் எந்த ஊரில் யார் கட்சிச் செயலாளர் என்பது அந்த மேசையில்தான் முடிவானது.

நோயில் படுத்திருந்த லெனின் இதைக் கவனித்துவிட்டார். ஸ்டாலின் முரட்டுத்தனமானவர், அவரை அங்கிருந்து மாற்ற வழி பாருங்கள் என்று 1923 ஜனவரி 4 அன்று சொல்லி எழுதவைத்தார். மறு ஜனவரியில் அவர் இறந்தார். 1924 மே மாதம் கட்சி மாநாட்டுக்கு வந்தவர்களைக் குழுகுழுவாக உட்காரவைத்து அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டது. 'ஸ்டாலினே இருக்கட்டும்' என்று பரிந்து பேசியவர்கள் கட்சித் தலைவர்களான ஸினோவியேவும் காமனேவும். ட்ராட்ஸ்கி மேல் அவ்வளவு பயம்! ட்ராட்ஸ்கியோ வாயே திறக்கவில்லை.

ட்ராட்ஸ்கி 1929-இல் நாடுகடத்தப்பட்டு, 1940-இல் மெக்ஸிகோவில் பனிக்கோடரியால் தாக்கிக் கொல்லப்பட்டார். பரிந்து பேசிய இருவரையும் ஸ்டாலின் அரசு 1936 ஆகஸ்டிலேயே சுட்டுக் கொன்றிருந்தது. சோவியத் மக்கள் அந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் படித்தது 1956-இல், ஸ்டாலின் இறந்து 3 ஆண்டுகள் கழித்து.