எழுத்தாளர் உருவாகும் பாதை: கெடா மண் தரும் பாடம்

எழுத்தாளர் பிறக்கிறாரா, உருவாகிறாரா? இலக்கியக் கருத்தரங்குகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. பிறவித் திறன் ஓரளவு வேண்டும் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அத்திறன் உள்ளவர்கள் நம் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களுள் மிகச் சிலரே எழுத்தாளராக நிலைபெற்றனர். அப்படியானால் திறனுக்கு மேல் வேறு என்ன கிடைத்தது அவர்களுக்கு? மாணவர்களாகிய உங்களுக்குப் பயன் தரக்கூடிய கேள்வி இதுதான். இதற்கு விடை தேட, மலேசியத் தமிழுக்கு முக்கியமான நாவலாசிரியர்களைத் தந்த கெடா மாநிலத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

கதைகள் விளையும் மண்

கெடா என்றதும் நமக்குக் கடாரம் நினைவுக்கு வரும். 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் நடத்திய கடற்படையெடுப்பும், பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த கோயில் அடித்தளங்களும் பெருமையோடு பேசப்படுபவை. ஆயினும் இன்று அம்மாநிலத்தில் வாழும் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரின் கதை சோழரிடமிருந்து தொடங்கவில்லை. அது கங்காணியிடமிருந்து தொடங்குகிறது. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் அவர்கள் குடியேறினார்கள். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, லயத்து வீட்டிற்குத் திரும்பினார்கள்.

இந்த வாழ்க்கைக்குள் வரலாறு பலமுறை புகுந்தது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போடத் தோட்டத்து ஆண்களைக் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் உயிரிழந்த தமிழர்கள் பல்லாயிரம் பேர். போர் முடிந்த பின், 1946-47-இல், ஏ. எம். சாமியின் தலைமையில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தொழிலாளர்கள் மறியல் செய்தனர். பீடோங் ஹார்வர்ட் தோட்டம் அப்போராட்டத்தின் முக்கியக் களம். பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம்.

இவையெல்லாம் கோப்புகளில் உள்ளன. 1947-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை அரசாங்கக் கோப்புகள் ‘கலவரம்’ என்று குறித்து வைத்திருக்கின்றன. கணவனைச் சயாமுக்கு அனுப்பிய பெண் மறுநாள் காலையில் யாரிடம் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள் என்பதைக் கோப்பு சொல்லாது. அதைச் சொல்வது கதைக்காரரின் வேலை.

பீடோங்கில் பிறந்த நாவலாசிரியர்

ரெ. கார்த்திகேசு 1940-ஆம் ஆண்டு பீடோங்கில் பிறந்தவர். வானொலியில் பணியாற்றியவர், பின்னர்ப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புத் துறைப் பேராசிரியராக விளங்கியவர். சிறுகதை, நாவல், விமர்சனம் என்னும் மூன்று துறைகளிலும் இயங்கி, 2016-இல் மறைந்தார்.

அவருடைய நூல்களின் ஆண்டுகளைச் சற்றுக் கவனியுங்கள். முதல் சிறுகதைத் தொகுப்பான ‘புதிய தொடக்கங்கள்’ 1974-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. முதல் நாவல் ‘வானத்து வேலிகள்’ 1981-இல். இரண்டாவது நாவல் ‘தேடியிருக்கும் தருணங்கள்’ 1993-இல். நடுவில் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. அதன் பிறகு ‘அந்திம காலம்’ 1998-இலும் ‘காதலினால் அல்ல’ 1999-இலும் அடுத்தடுத்து வந்தன. வகுப்பறை, ஆய்வு, நிர்வாகம் எல்லாம் பார்த்த ஒருவரின் கணக்கு இது. மாணவப் பருவத்தில் எழுதத் தொடங்கியவருக்கு முதல் நாவல் நூலாக வரும்போது நாற்பது வயது கடந்துவிட்டது.

இருபது வயதில் ஒரு கதைக்குப் பரிசு கிடைக்காவிட்டால் பேனாவை மூடி வைத்துவிடும் நம் இளைஞர்கள் இந்தக் கணக்கைப் படித்துப் பார்க்க வேண்டும்.

முதல் பக்கம் தந்தவர்கள்

எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது, அதன் எழுத்தை ஏற்றுக்கொள்ளும் ஒரு பக்கம். மலாயாவில் அந்தப் பக்கத்தைத் தந்தவை நாளிதழ்கள். 1950-51-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். கதை என்றால் என்ன, உரையாடலை எப்படி அமைப்பது என்று பாடம் சொல்லி, வாசகர்கள் அனுப்பிய பயிற்சிகளைத் திருத்தினர். தமிழகத்திலிருந்து வந்து அதே நாளிதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, இளம் எழுத்தாளர்களைக் கூட்டிவைத்து இலக்கியம் பேசினார். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு, மாணவர் மணிமன்றத்தின் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்தது. நாட்டின் மூத்த தலைமுறை எழுத்தாளர்களில் பலர் அந்த மன்றத்தில் கைபழகியவர்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதை வகுப்பு வெறுமனே இடம் தரவில்லை, திருத்தியும் கொடுத்தது. முகம் தெரியாத ஒருவர் உங்கள் கதையை முழுதாகப் படித்து, இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது என்று சொல்வது நூறு பாராட்டுகளுக்குச் சமம். ரெ. கார்த்திகேசு பிற்காலத்தில் விமர்சனத்திற்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியதையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். ‘விமர்சன முகம்’ என்று ஒரு நூலே எழுதினார். நாவல் எழுத வேண்டிய நேரத்தைப் பிறர் எழுத்துக்குக் கொடுத்தார் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் படித்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் எழுத்து வளராது.

எழுத்து சோறு போடுமா?

நேர்மையாகச் சொன்னால், மலேசியத் தமிழில் போடாது. நம் எழுத்தாளர்கள் ஆசிரியர்கள், எழுத்தர்கள், பத்திரிகையாளர்கள், விரிவுரையாளர்கள். எழுத்து அவர்களுக்கு இரவு நேரத்து வேலை, பள்ளி விடுமுறைக் கால வேலை. நூல் அச்சிடுவதும் பெரும்பாலும் சொந்தக் காசில்தான். பிறகு வெளியீட்டு விழா. பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெற்று ஒரு தொகை தருவார். வந்தவர்கள் உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துச் செல்வார்கள். அச்சகக் கணக்கு அத்துடன் ஒருவாறு தீரும். மிஞ்சிய பிரதிகள் எழுத்தாளர் வீட்டு அலமாரியில் இருக்கும்.

இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. நடைமுறை இதுதான் என்று தெரிந்துகொண்டு வருபவர்களே நீடிக்கிறார்கள். இதில் ஒரு நன்மையும் உண்டு. எழுத்தால் பிழைக்க வேண்டாம் என்பதால் யாருக்காகவும் எழுத்தை வளைக்க வேண்டியதில்லை. பதிப்பகம் அவசரப்படுத்தாது, விற்பனை எண்ணிக்கை பயமுறுத்தாது. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து இரண்டாவது நாவலைத் தரலாம். ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. யாரும் கேட்காததால் எழுதாமலே இருந்துவிடலாம். நாள்தோறும் ஒரு பக்கமாவது எழுதும் ஒழுக்கத்தைத் தவிர இதற்கு வேறு மருந்து கிடையாது.

எதை எழுதுவது?

மலேசியத் தமிழ் இலக்கியம் என்றாலே தோட்டப்புறக் கதை என்று ஓர் எண்ணம் பரவியிருந்தது. அதற்குக் காரணம் உண்டு. எழுதியவர்களும் படித்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் ரெ. கார்த்திகேசு தாம் நின்ற இடத்திலிருந்து எழுதினார். ‘காதலினால் அல்ல’ பல்கலைக்கழக வளாகத்தையும் மாணவர் பகடிவதையையும் களமாகக் கொண்டது. ‘அந்திம காலம்’ புற்றுநோய்க்கு ஆளான முதியவர் ஒருவரின் நாள்களைப் பின்தொடர்கிறது. படித்து, நகரத்திற்கு வந்து, வீடு வாங்கி, பிள்ளைகளோடு முரண்பட்டு, நோயில் தனித்துப் போகும் மலேசியத் தமிழரும் நாவலுக்குரியவரே என்று அவை காட்டின. இவ்விரண்டு நாவல்களும் மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. விடுதியில் இருப்பவர்கள் இன்றிரவே படிக்கத் தொடங்கலாம்.

அதே கெடாவில் கோ. புண்ணியவான் வேறு திசையில் நடந்தார். 1949-இல் பிறந்தவர்; பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; சுங்கைப்பட்டாணியில் வாழ்பவர். பகாங் மாநிலத்து செலாஞ்சார் அம்பாட்டில் 1980-களில் தமிழ்த் தொழிலாளர்கள் கொத்தடிமைகளாகச் சிக்கியிருந்தது நாட்டையே உலுக்கிய செய்தி. அதை வைத்து ‘செலாஞ்சார் அம்பாட்’ என்னும் நாவலை அவர் எழுதினார். அது 2013-இல் நூலாக வந்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். அதன் பின்னர் சயாம் ரயில் பாதையைப் பற்றி ‘கையறு’ என்னும் நாவலை எழுதினார். ஓய்வுக் காலத்தை உறக்கத்திற்கு விடாமல் பழைய துயரங்களைத் தேடிப் போனார்.

ஒருவர் தோட்டத்தை விட்டு வெளியே வந்து எழுதினார். மற்றவர் நேரில் காணாத காலத்திற்குள் திரும்பிச் சென்று எழுதினார். இருவரில் யார் வழி சரி என்பது வீண் கேள்வி. இருவரும் தமக்கு நன்கு தெரிந்ததையோ, உழைத்துத் தெரிந்துகொண்டதையோ எழுதினர். திரைப்படத்தில் பார்த்த மதுரையையும் சென்னையையும் எழுதிக் கொண்டிருக்கவில்லை.

ஒரே மாநிலம், இரண்டு மொழிகள்

கெடாவின் சிக் வட்டாரத்தில் 1933-இல் பிறந்தவர் ஷானோன் அகமட். தம் சொந்தக் கிராமமாகிய பங்கோல் டெர்டாப்பின் நெல் விவசாயக் குடும்பம் ஒன்றைப் பற்றி 1966-இல் ‘ரஞ்சாவ் செப்பாஞ்சாங் ஜாலான்’ என்னும் மலாய் நாவலை எழுதினார். கணவன் காலில் குத்திய முள்ளிலிருந்து ஒரு குடும்பமே சிதைகிற கதை அது. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு உலகெங்கும் படிக்கப்பட்டது. 1982-இல் அவருக்குத் தேசிய இலக்கியவாணர் விருது வழங்கப்பட்டது. அவரும் பினாங்கில் அதே அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

ஆக, ஒரே மாநிலத்தில் பிறந்து ஒரே வளாகத்தில் கற்பித்த இரண்டு நாவலாசிரியர்கள். ஒருவர் எழுத்து தேசிய இலக்கியம். மற்றவர் எழுத்து தமிழ் மட்டுமே படிப்பவர்களுக்குள் நின்றுவிட்டது. தேசிய இலக்கியம் என்பது மலாய் மொழியில் எழுதப்படுவது என்று வரையறுக்கப்பட்டிருப்பதால் அவ்விருது தமிழ் நாவலுக்குக் கிட்டாது. இவ்வரையறை மாற வேண்டும் என்று குரல் கொடுப்பது நம் உரிமை. அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. மலாயும் ஆங்கிலமும் தமிழும் ஒருசேரக் கற்ற முதல் பெருந்தலைமுறை நீங்கள். நெல் வயலின் துயரை ஆங்கிலத்துக்குக் கொண்டு சென்றது மொழிபெயர்ப்பு. பால்மரக் காட்டின் துயரை மலாய் நண்பர்களிடம் கொண்டு செல்ல உங்களால் முடியும்.

இப்போது செய்ய வேண்டியது

கெடாவில் எழுத்தாளரை உருவாக்கிய சங்கிலியில் பல கண்ணிகள் இருந்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளி, நாளிதழின் ஞாயிறு பதிப்பு, திருத்திக் கொடுத்த மூத்தவர், காத்திருந்து படித்த வாசகர். இவற்றுள் சில அறுந்துவிட்டன. 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 பிப்ரவரியில் நின்றது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதியும் தொழிற்பேட்டையும் வந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன.

அறுந்த இடத்தில் நிற்கக்கூடியவை பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளே. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980-களிலிருந்து நடத்திவரும் சிறுகதைப் போட்டியும் அதன் ‘பேரவைக் கதைகள்’ தொகுப்புகளும் அதற்குச் சான்று. ஆனால் போட்டி ஆண்டுக்கு ஒருமுறை வருவது. மற்ற நாள்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை ஐந்தாறு பேர் கூடுங்கள். ஒருவர் கதையை மற்றவர்கள் முன்கூட்டியே படித்து வந்து, எந்த இடத்தில் சலித்தது, எந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘நன்று, வாழ்த்துகள்’ என்று மட்டும் சொல்வதற்குத் தடை விதியுங்கள். ஆண்டுக்கு ஒரு மலேசிய நாவலையாவது விலை கொடுத்து வாங்கி, அதைப் பற்றி இம்மலரில் எழுதுங்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். நிரை, தீம்பார், ஆயாக் கொட்டகை, ஒட்டுப்பால் என்னும் சொற்களோடு அவர்கள் பேசுவதை அப்படியே பதிவு செய்யுங்கள். அச்சொற்களோடு வாழ்ந்த தலைமுறை எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கையில் வேலையும் வருமானமும் இருக்கின்றன. இளையவர் ஒருவரின் கைப்பிரதியைப் படித்துத் திருத்திக் கொடுக்க மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். 1950-இல் கதை வகுப்பு நடத்தியவர்கள் செய்தது அவ்வளவுதான். அதன் பலனை நாம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அனுபவித்து வருகிறோம்.