கோழித் தீவனத்தில் குஞ்சு மீன்: கடல் வளம் காக்கப் பண்ணையாளர் செய்ய வேண்டியவை

நாமக்கல், பல்லடம், உடுமலைப் பகுதிகளிலிருந்து கடல் வெகு தொலைவில் உள்ளது. ஆயினும் நமது கோழிப் பண்ணைகளுக்கும் கடலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தீவனத்தில் சேர்க்கப்படும் கருவாடும் மீன் தூளும் கடலிலிருந்தே வருகின்றன. இன்று சோயாப் புண்ணாக்கு பெருமளவில் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டது. எனினும் கருவாட்டுத் தூள் தீவனத்திலிருந்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. இந்தக் கருவாட்டில் எத்தகைய மீன் இருக்கிறது என்பதைப் பண்ணையாளர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

கழிவு மீன் எங்கிருந்து வருகிறது?

தமிழகக் கடற்கரையில் விசைப்படகுகள் இழுவலை கொண்டு மீன் பிடிக்கின்றன. இந்த வலை கடலின் அடித்தரையை ஒட்டி இழுக்கப்படுகிறது. இறாலுக்காகச் சிறிய கண்ணி உள்ள வலையைப் போட்டால், அதில் இறால் மட்டும் சிக்குவதில்லை. விலை போகாத சிறு மீன்கள், நண்டு, சிப்பி, கடல் பூச்சிகள், இவற்றோடு பெரிதாக வளரக்கூடிய நல்ல மீன்களின் குஞ்சுகளும் சேர்ந்து வருகின்றன. இந்தக் கலவையைத்தான் இராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் ‘சங்காயம்’ என்கிறார்கள்.

முற்காலத்தில் இதில் பெரும்பகுதி கடலிலேயே வீசப்பட்டது. மீன் தூளுக்குத் தேவை பெருகியதும் சங்காயத்துக்கும் விலை கிடைத்தது. விலை கிடைத்த பிறகு அதைக் கரைக்குக் கொண்டுவருவது லாபமாயிற்று. ஒரு கிலோ மீன் தூள் தயாரிக்க ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ பச்சை மீன் வேண்டும். விட்டிருந்தால் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வளர்ந்திருக்கக்கூடிய குஞ்சுகள் சில கிராம் எடையிலேயே தூளாகிவிடுகின்றன. விதை நெல்லைக் குத்திச் சமைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மீனவருக்கும் இது நட்டமே.

மத்தி மீன் தரும் பாடம்

கோவை மக்கள் நன்கு அறிந்த மீன் மத்தி. கேரளக் கரையில் 2012-ம் ஆண்டில் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் பிடிபட்டது சுமார் 3,300 டன் மட்டுமே. நூறு பங்கில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் ஒன்றல்ல. முட்டையிடும் பருவத்தை எட்டாத மத்திகளை அளவின்றிப் பிடித்தது ஒரு காரணம். கடல் நீரின் வெப்பமும், மழைக்காலத்தில் ஆழ்நீர் மேலெழும் முறையும் மாறியது மற்றொன்று. ஆழ்நீர் மேலே வரும்போது அதிலுள்ள உரச்சத்தைக் கொண்டு நுண்பாசிகள் பெருகும். அப்பாசிகளே மத்தியின் முக்கிய உணவு. பாசி குறைந்தால் மத்தி குறையும். மத்தி குறைந்தால் அதைத் தின்று வாழும் வஞ்சிரம், சூரை முதலிய பெரிய மீன்களுக்கும் இரை குறையும். மத்தியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் மத்தியைக் காக்க முடியாது என்பதே இதன் பாடம்.

கடலையே ஒரு பண்ணையாகக் கருதுதல்

தென்னையில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ தோன்றியதை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூச்சிமருந்து தெளித்தால் வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணியும் செத்துவிடும்; ஆகவே மருந்தைத் தவிர்க்கும்படி சிபாரிசு செய்யப்பட்டது. ஒரு பூச்சியைப் பாராமல் தோப்பு முழுவதையும் பார்த்த முறை அது. கடலிலும் இதே முறையைக் கையாள்வதைச் ‘சூழல் தொகுதி அணுகுமுறை’ என்கிறார்கள். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1995-ல் பொறுப்பான மீன்பிடிப்புக்கு நடத்தை விதிகளை வகுத்தது. அதன் பிறகு இம்முறை பல நாடுகளில் வலியுறுத்தப்பட்டு வருகிறது.

இதில் கவனிக்கப்படுபவை நான்கு:

1. மீன் குஞ்சுகள் வளரும் நாற்றங்கால்கள். கடற்புல் படுகை, பவளப்பாறை, அலையாத்திக் காடு ஆகியவை இவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் அவற்றில் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு காவிரியின் கடைமடையில் உள்ளது. பவானி, நொய்யல், அமராவதி நீர் சேரும் காவிரி அது. ஆற்றில் நாம் விடும் சாயக்கழிவும் சாக்கடையும் கடைமடையின் கணக்கில் சேரும்.

2. வலையின் கண்ணி. சாதாரண வலையின் சாய்சதுரக் கண்ணிகள் இழுக்கும்போது நீண்டு மூடிக்கொள்ளும். வலையின் கடைசிப் பையில் சதுரக் கண்ணி அமைத்தால், இழுக்கும்போதும் கண்ணி திறந்தே இருந்து குஞ்சுகள் தப்பிச் செல்லும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் குஞ்சுகளை வெளியேற்றும் சாதனத்தையும் உருவாக்கியுள்ளது.

3. ஓய்வுக்காலம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் 2001 முதல் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் தடைக்காலம் உள்ளது. முதலில் 45 நாளாக இருந்தது பின்னர் 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இது அமலில் இருக்கும். ஆனால் 61 நாள் காத்த குஞ்சுகளை அறுபத்திரண்டாம் நாள் சிறுகண்ணி வலையில் அள்ளினால் தடைக்காலத்தின் பலன் போய்விடும்.

4. மீனவரின் பிழைப்பு. தடைக்கால நிவாரணம், நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிய கரையோரக் கடல், கடனுக்கு வழி ஆகியவை இல்லாமல் எந்த விதியும் நிலைக்காது. டீசல் செலவுக்குக்கூடக் கட்டாத நாளில் சங்காயத்தையும் விற்கும் நிலையில் மீனவர் இருக்கிறார். அவரை மட்டும் குறை கூறுவது முறையல்ல.

கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு, 1992-ல் அந்நாட்டு அரசு அந்த மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர். முப்பது ஆண்டுகள் சென்ற பின்னும் பழைய வளம் முழுவதும் திரும்பவில்லை.

ஆழியாறு அணையில் கண்ட பலன்

குஞ்சைக் காத்தால் மகசூல் கூடும் என்பதற்கு நமது மாவட்டத்திலேயே சான்று உள்ளது. பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு சுமார் 650 ஹெக்டேர். 1964-65-ல் அங்கு ஹெக்டேருக்கு 1.67 கிலோ மீனே கிடைத்தது. மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் யோசனைப்படி அங்கே முறைகள் மாற்றப்பட்டன. பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கெண்டைக் குஞ்சுகள் மட்டும் விடப்பட்டன. அவையும் ஹெக்டேருக்கு 235 முதல் 300 வரை எனக் குறைத்து, ஒரே தடவையில் அல்லாமல் பல தடவையாக விடப்பட்டன. வலைக் கண்ணி கண்டிப்பாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஒரு கிலோவுக்குக் குறைந்த கெண்டைகளைப் பிடிப்பது தடை செய்யப்பட்டது. இதன் பலனாக 1990-ல் ஹெக்டேருக்கு 194 கிலோ மீன் கிடைத்தது.

அணையில் குஞ்சுகளை நாம் வாங்கி விடலாம். கடலில் அது இயலாது. தாய் மீன்களே முட்டையிட்டுப் பெருக்க வேண்டும். ஆகவே கடலில் குஞ்சுக்குப் பாதுகாப்பு இன்னும் அதிகமாகத் தேவை.

கோழிப் பண்ணையாளர் கவனத்திற்கு

மலிவான கருவாடு பண்ணைக்கும் லாபம் அல்ல. அதில் மணலும் உப்பும் மிகுதியாக இருக்கும். சத்தைக் கூட்டிக் காட்ட மீன் தூளில் யூரியா கலப்பதும் உண்டு. உப்பு மிகுந்தால் கோழிகள் அதிகத் தண்ணீர் குடித்துக் கழியும். ஆழ்கூளம் ஈரமாகி அம்மோனியா நெடியும் ரத்தக்கழிச்சலும் வரும். சரியாகக் காயாத கருவாட்டில் சால்மோனெல்லா கிருமியும் வரலாம். அளவு மிஞ்சினால் முட்டையிலும் இறைச்சியிலும் மீன் வாடை வீசும்.

கருவாட்டை நீக்க விரும்புவோர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

* நல்ல சோயாப் புண்ணாக்கில் 45 சதவிகிதத்துக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் மெத்தியோனின் குறைவு. எனவே அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

* எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் அதிகம், லைசின் குறைவு. சோயாவுடன் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும்.

* கருவாட்டோடு பாஸ்பரஸ் சத்தும் போய்விடும். அதற்கு ஈடாக டை-கால்சியம் பாஸ்பேட்டின் அளவைக் கூட்ட வேண்டும்.

* கருவாட்டிலிருந்து வந்த உப்பும் இனி இராது. தீவனத்தில் உப்புக் குறைந்தால் முட்டை குறையும். கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். ஆகவே உப்பின் அளவைக் கணக்கிட்டுச் சேர்க்கவும்.

* வைட்டமின் பி-12 உள்ள கலவையைத் தவறாது சேர்க்கவும்.

* கோபி பகுதியில் பட்டு நூற்பு ஆலைகளில் கிடைக்கும் கூட்டுப்புழுவை எண்ணெய் நீக்கி உலர்த்தினால் புரதம் 60 சதவிகிதத்துக்கு மேல் இருக்கும். புதிதாகவும் நன்கு உலர்ந்ததாகவும் உள்ளதை மட்டும் வாங்கவும்.

* தீவனத்தை ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்றவும்.

தொடர்ந்து கருவாடு வாங்குவோர், சரக்கைப் பிரித்துப் பார்க்கவும். விரல் நீளமுள்ள நல்ல மீன் குஞ்சுகள் நிறைந்திருந்தால் அச்சரக்கைத் தவிர்க்கவும். மீன் வெட்டும்போது கழியும் தலை, முள், குடல் ஆகியவற்றிலிருந்து தயாரித்த தூளைக் கேட்டு வாங்கலாம்.

வீட்டுக்கு மீன் வாங்குவோர்

கேரள அரசு மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்துள்ளது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14 சென்டிமீட்டர். உக்கடம் சந்தையிலோ உள்ளூர்ச் சந்தையிலோ வாங்குவோர் இதை நினைவில் கொள்வது நல்லது. இதைவிடச் சிறிய மீன் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல் விடலாம். நெத்திலி போன்ற மீன்கள் இயல்பிலேயே சிறியவை. அவற்றுக்கு இது பொருந்தாது.

சங்காயத்துக்கு விலை இருக்கும் வரை சிறுகண்ணி வலைக்கும் வேலை இருக்கும். அந்த விலையில் ஒரு பகுதி கொங்கு நாட்டுப் பண்ணைகளிலிருந்து போகிறது. அதை நிறுத்துவதும் நம் கையிலேயே உள்ளது. தீவனத்தை மாற்ற எண்ணும் பண்ணையாளர்கள், மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள தீவன ஆய்வகத்தில் பரிசோதித்து, அங்குள்ள விஞ்ஞானிகளின் ஆலோசனைப்படி கலவையை அமைத்துக்கொண்டு பயன் பெறலாம்.