வைரி

வைரி அல்லது சிக்ரா என்பது பருந்து, கழுகு முதலியன அடங்கிய அக்சிபிட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்த சிறிய வேட்டைப் பறவையாகும். இது தெற்காசியா, தென்கிழக்காசியா, சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் காணப்படுகின்றது. காடுகளில் மட்டுமன்றித் தோப்புகள், வயல்வெளிகள், நகரப் பூங்காக்கள் ஆகியவற்றிலும் வாழ்கின்றது. இதன் ஒலியும் தோற்றமும் துணைக்கு மட்டுமன்றி, இரையாகும் உயிரினங்களுக்கும் செய்தியாக அமைகின்றன. அவற்றைப் போலிசெய்து பயன்பெறும் பறவைகளும் உள்ளன.

பெயரும் வகைப்பாடும்

இலங்கைப் பறவையை அடிப்படையாகக் கொண்டு, யோகான் பிரீட்ரிக் கிமெலின் 1788 ஆம் ஆண்டில் இவ்வினத்தை அறிவியல் முறைப்படி பெயரிட்டார். நீண்ட காலம் அக்சிபிட்டர் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இது, மரபணு ஆய்வுகளைத் தொடர்ந்து 2024 இல் டாக்கிஸ்பைசா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. சிக்ரா என்னும் பெயர் வேட்டையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு தொடர்புடையது.

உடலமைப்பு

வைரி ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுடையது. பெண் பறவை ஆணைவிடப் பெரியது. வளர்ந்த ஆணின் மேற்புறம் சாம்பல் நிறமாகவும், மார்பு மெல்லிய செம்பழுப்புக் குறுக்குக் கோடுகளுடனும் காணப்படும். ஆணின் கண்கள் சிவப்பு நிறமானவை. பெண்ணின் கண்கள் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமானவை. இளம் பறவைகள் பழுப்பு நிறமும் மார்பில் நெடுக்குக் கீற்றுகளும் கொண்டவை. குட்டையான, வட்டமான சிறகுகளும் நீண்ட வாலும் மரங்களுக்கிடையே விரைந்து திரும்பிப் பறக்க உதவுகின்றன.

ஒலி

வைரியின் வழக்கமான கூவல் "பீ-வீ" என ஈரசை உடையது. முதல் அசை உயர்ந்தும், இரண்டாவது அசை நீண்டும் ஒலிக்கும். பறக்கும்போது "கிக்-கீ" எனச் சுருக்கமாகவும் கூர்மையாகவும் ஒலியெழுப்பும். இனப்பெருக்கக் காலத்தில் இவ்வொலிகளை அடிக்கடி கேட்கலாம். அக்காலத்தில் ஆணும் பெண்ணும் வெப்பக் காற்றோட்டத்தில் வட்டமிட்டு உயர்ந்து, ஒன்றையொன்று நோக்கிப் பாய்வதுண்டு.

வேட்டை

பல்லி, ஓணான், சிறு பறவைகள், எலி, அணில், பூச்சிகள் ஆகியன இதன் உணவாகும். இலைமறைவில் அசைவின்றி அமர்ந்திருந்து, இரையைக் கண்டதும் திடீரெனப் பாய்ந்து பிடிக்கும். ஈசல் புறப்படும்போது தரையில் இறங்கி உண்ணும். அந்தி வேளையில் சிறு வௌவால்களைப் பிடிப்பதும் உண்டு.

பிற உயிரினங்களின் எதிர்வினை

இவ்வேட்டைமுறை இரை எதிர்பாராதிருப்பதை நம்பியது. எனவே வைரியைக் கண்டுவிட்டதை வெளிப்படுத்துவதே இரை விலங்குகளுக்குச் சிறந்த பாதுகாப்பாகிறது. அணில்கள் எச்சரிக்கை ஒலி எழுப்புகின்றன. சிறு பறவைகள் இலைச் செறிவினுள் பாய்ந்து மறைகின்றன. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் திரண்டு கத்தி வைரியைத் துரத்துவதும் உண்டு. இருப்பிடம் வெளிப்பட்டபின் அங்கே பதுங்கியிருப்பதால் வைரிக்குப் பயனில்லை.

போலி ஒலியும் போலித் தோற்றமும்

கரிச்சான் இனப் பறவைகள் வைரியின் குரலைப் போலவே ஒலிக்க வல்லவை. இலங்கையின் சிங்கராசா காட்டில் எபன் குட்டேல், சரத் கொடகம ஆகியோர் ஆய்வு செய்து 2006 இல் முடிவுகளை வெளியிட்டனர். அங்குள்ள கரிச்சான்கள் ஆபத்து நேரத்தில், தம் எச்சரிக்கை ஒலியோடு கொன்றுண்ணிகளின் குரல்களையும் சேர்த்து ஒலிப்பதை அவ்வாய்வு காட்டியது.

அக்காக்குயில் நிறத்தாலும், பறக்கும் முறையாலும், கிளையில் வந்தமரும் விதத்தாலும் வைரியை ஒத்திருக்கின்றது. அதன் இளம் பறவையும் இளம் வைரியைப் போன்றே கீற்றுகள் உடையது. அக்காக்குயில் தன் முட்டைகளைத் தவிட்டுக்குருவிகளின் கூடுகளில் இடுகின்றது. வேட்டைப் பறவையை ஒத்த தோற்றம் அக்கூடுகளை அணுக உதவுகின்றது எனக் கருதப்படுகின்றது. இவ்வொற்றுமையால் பறவை நோக்குவோரும் தடுமாறுவதுண்டு. கொக்கிபோல் வளைந்த அலகும் வலிமையான உகிர்களும் வைரியை அடையாளம் காண உதவும்.

இனப்பெருக்கம்

இந்தியாவில் மார்ச்சு முதல் சூன் வரை இனப்பெருக்கக் காலமாகும். காகத்தின் கூட்டைப் போன்று குச்சிகளால் அமைந்த கூட்டை இரு பறவைகளும் சேர்ந்து கட்டுகின்றன. குச்சிகளைக் கால்களால் பற்றிக் கொண்டுவரும். நகரங்களில் கம்பித் துண்டுகளையும் பயன்படுத்துவதுண்டு. முட்டைகள் வெளிறிய நீலச் சாம்பல் நிறமானவை. அடைகாக்கும் காலம் 18 முதல் 21 நாட்களாகும்.