பழைய கார் வாங்கப் போறீங்களா? பளபளப்பைப் பார்த்து மயங்காதீங்க! வெள்ளத்தில் நின்ற வண்டி உங்க தலையில் விழலாம்

அயனம்பாக்கம்,

"ஒரே ஓனர் சார். டாக்டர் வச்சிருந்த வண்டி. ஏ.சி. போட்டா ஊட்டி மாதிரி இருக்கும்!"

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால் முதலில் காதில் விழும் வசனம் இதுதான். வண்டியும் பளபளவென்று நிற்கும். சீட்டுக்குப் புது உறை. டேஷ்போர்டில் சின்னப் பிள்ளையார். பார்த்ததும் மனசு சாய்ந்து விடும்.

ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

அயனம்பாக்கம் வழியாக வானகரம்-அம்பத்தூர் ரோடு போகிறது. எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஆபீஸ் கிளார்க்குகள் நிறைந்த பக்கம். வயசான அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவாவது ஒரு கார் இருந்தால் தேவலை என்று நினைக்காதவர் இல்லை. புது வண்டிக்கு வழியில்லை. சீட்டு எடுத்த பணம், நகை அடகு வைத்த பணம், பி.எப். கடன் என்று திரட்டித்தான் பழைய வண்டி வாங்குகிறார்கள். அந்தப் பணம் தண்ணீரில் போகக் கூடாது அல்லவா?

தண்ணீர் என்றதும்தான் முக்கியமான சங்கதி ஞாபகத்துக்கு வருகிறது.

மூழ்கிய கார்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் 'மிச்சாங்' புயல் மழையில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போன காட்சியை ஊரே பார்த்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் தண்ணீர் நின்றது.

அப்படி மூழ்கிய கார் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து, பாலிஷ் போட்டு, மறுபடி சந்தைக்கு வந்த வண்டிகளும் உண்டு.

அந்தக் கால அம்பாசடரில் தண்ணீர் போனால் காய வைத்து, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து ஓட்டிவிடலாம். இன்றைய வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார், மைல் கணக்கில் ஒயரிங். உள்ளே ஈரம் புகுந்தால் கனெக்டர்கள் மெல்ல மெல்ல அரித்துப் போகும். வாங்கும்போது ஓடும். ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் நின்றுவிடும்.

மூழ்கிய வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்திருந்தால் இன்னும் மோசம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருக்கும். மேட்டைத் தூக்கி, கார்பெட்டுக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு எல்லாம் காட்டிக் கொடுக்கும். காருக்குள் சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால் ஏன் என்று கேளுங்கள்.

புகை என்ன நிறம்?

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள்!

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் போகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசியலாம். ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காப்பி மாதிரி இருக்கிறதா? கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். என்ஜின் விளக்கோ, ஏர்பேக் விளக்கோ எரியவே இல்லை என்றால் யாரோ வேலை காட்டியிருக்கலாம்.

மீட்டர் பொய் சொல்லும்

கிலோ மீட்டரைக் குறைத்துக் காட்டுவது பழைய வித்தை. மீட்டர் 30 ஆயிரம் காட்டும். பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கும். ஸ்டியரிங்கைப் பாருங்கள், சர்வீஸ் பில்லைக் கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர். அதோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கதவு, பானெட் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா? போல்ட்டுகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இடித்துச் சரிசெய்த வண்டியாக இருக்கலாம். பழைய இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி 'நோ கிளெய்ம் போனஸ்' எவ்வளவு என்று பாருங்கள். நாலைந்து வருஷ வண்டிக்கு அது பூஜ்யம் என்றால் காரணம் கேட்க வேண்டும்.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். மேடு பள்ளத்தில் ஒருமுறை, மதுரவாயல் பைபாசில் ஒருமுறை. குழியில் 'கடகட' சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் கோளாறு. பிரேக் போட்டதும் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது என்ஜின் மட்டும் உறுமி, வண்டி நகரத் தயங்கினால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது.

பேர் மாற்றாவிட்டால்...

வண்டி நன்றாக இருந்தும் பேப்பரில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். பாங்கு கடன் இருந்தால் 35-ம் படிவம் கொடுத்து ரத்து செய்திருக்க வேண்டும். 'பரிவாகன்' தளத்தில் நம்பரைப் போட்டால் கட்டாத அபராதமும் தெரியும்.

29, 30-ம் படிவங்களில் கையெழுத்து வாங்கி பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில் பேர் மாற்றிக்கொள்ள வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளில் மாற்றக் கேட்க வேண்டும்.

இது விற்பவருக்கும் பாடம். 2007-ல் ஒருவர் விற்ற கார் பல கை மாறி, 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் அவர் பேரே இருந்தது. நஷ்ட ஈட்டுக்குப் பதிவேட்டில் பேர் உள்ளவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரி 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. வண்டி போய் வருஷமாகியும் வம்பு போகவில்லை!

முடிவாக ஒரு வார்த்தை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். புரோக்கர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம். மெக்கானிக் பார்க்க வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால், அந்த வண்டியே வேண்டாம்.

திருவேற்காடு அம்மன் கோவிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்குவது எல்லாம் அதற்கப்புறம்தான்.